நேராக நின்றவள்

ஆமை ஏரிக்கு மேலே, சரிவில்,
வியாழக்கிழமைதோறும் எங்களுக்கு நில அளவைப் பயிற்சி.
கல்லூரிக் கருவி எங்களைவிட மூத்தது.
குழலில் கண்ணை வைத்தால்
திபிலிசி தலைகீழாகத் தொங்கும்:
மேலே ஏரி, கீழே வானம்,
நடுவில் வௌவால்களாய்ப் பைன் மரங்கள்.

லமாரா,
உன்னை முதலில் பார்த்ததும் அப்படித்தான்.
அளவுகோலைப் பிடித்தபடி
தரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தாய்.
உன் சிவப்புக் கம்பளித் தொப்பி
வானத்துக்குள் விழாமல் இருந்ததே
எனக்கு ஆச்சரியம்.
இடப்பக்கம் சாய் என்று கை காட்டுவேன்,
வலப்பக்கம் சாய்ப்பாய்.
கத்துவேன்.
காது கேளாதவள் போல
சூரியகாந்தி விதை கொறிப்பாய்.

ஏப்ரலில் ஒரு நாள்
கோலைக் குராமிடம் கொடுத்தாய்.
கையுறைகளைக் கழற்றி
ஈரப் புல்லில் கை ஊன்றி
கால்களை மேலே எறிந்தாய்.
குழலுக்குள்
உலகம் மொத்தமும் கவிழ்ந்து கிடக்க
நீ ஒருத்தி மட்டும் நேராக நின்றாய்,
முகம் சிவந்து,
ஒரு காலுறை நழுவி.

நான் அளவைப் படிக்கவில்லை.
குறிப்பேட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.

சுற்றி நடந்து
தொடங்கிய ஆணிக்கே திரும்பியபோது
கணக்கில் நான்கு சென்டிமீட்டர் இடித்தது.
பாடநூலில் அதற்கு வழி இருந்தது:
பிழையை ஒரு புள்ளியின் தலையில் கட்டாதே,
எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கு வை.
வைத்தோம்.
படம் அழகாக மூடிக்கொண்டது.

போன மாதம் மெடியா தொலைபேசியில்
கணையம் என்றாள்.
அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும்
எனக்கு நினைவில்லை.

நேற்று உன் முற்றத்தில் கூடாரம்,
நீள மேசை, காளான் சோறு.
துக்க வீட்டில் கோப்பைகளை மோதக்கூடாது.
குராம் மறந்துபோய் நீட்டிவிட்டான்,
மெடியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.
ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டினோம்.
எழுந்தவர்கள் எல்லாம்
உன்னை நல்லவள் என்றார்கள்.
சரி, நல்லவள்தான்.
இரவல் வாங்கிய என் காம்பஸ் பெட்டியை
முப்பத்தெட்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை,
அதை யாரும் சொல்லவில்லை.
நானும் எழுந்தேன்,
நல்லவள் என்றேன்,
உட்கார்ந்தேன்.

மேசையைச் சுற்றி எங்கள் வகுப்பில் ஒன்பது பேர்.
அவரவர் பங்கை எடுத்துக்கொண்டுதான் கலைந்தோம்.
கணக்கு இன்னும் இடிக்கிறது.

இன்று காலை
கம்பிவண்டி ஏறி ஏரிக்கு வந்தேன்.
கருவி இல்லை.
கைகளில் நிற்கும் வயதும் இல்லை.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
குனிந்தேன்,
கால்களுக்கு நடுவே பார்த்தேன்.
மேலே ஏரி. கீழே வானம்.
பைன் மரங்கள் நிறைய வளர்ந்திருந்தன.
யாராவது நேராக நிற்கிறார்களா என்று
ரத்தம் தலைக்கு ஏறும்வரை தேடினேன்.

ஒரு நாய் வந்து
என் முகத்தை முகர்ந்தது.
அதுவும்
தலைகீழாகத்தான் இருந்தது.