கடிபடாதவள்

கடிபட்டவர்கள் கணக்கு:
தபால்காரர் ரெய்ன், கணுக்காலில்.
உர்மாஸின் அண்ணன், முழங்கைக்குக் கீழே, நான்கு தையல்.
உர்மாஸ், இரண்டு முறை.
இரண்டாவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை,
துணி துவைக்கும்போது
சட்டைக் கையில் காய்ந்த ரத்தத்தை நான்தான் பார்த்தேன்.
என்னை ஒருமுறைகூட இல்லை.

சாரெமா தீவில் மார்ச் மாதம்.
கடல் இன்னும் இறுகிக் கிடக்கிறது.
ஜூனிப்பர் புதர்களின் அடியில் மட்டும்
பனி அழுக்காக உருகுகிறது.
எனக்கு முப்பத்தைந்தாவது வாரம்.
முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினால்
எழுந்திருக்க முடிவதில்லை.
போண்டு வந்து பக்கத்தில் முதுகை நிறுத்தும்.
அந்த முரட்டு மயிரைப் பிடித்துக்கொண்டு எழுவேன்.
இதை அதற்கு யாரும் பழக்கவில்லை.

தார்த்துவிலிருந்து பஸ்ஸும் படகுமாக
நாய்களின் குணம் பார்ப்பவள் வந்தாள்.
கெர்லி என்று பெயர். பையில் ஒரு பொம்மை.
பேட்டரி போட்டால் அழும்.
போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.
அது அழுதது.
போண்டு வந்தது, மோந்தது,
போய் அடுப்போரம் படுத்துக்கொண்டது.
உர்மாஸுக்குக் கண் கலங்கிவிட்டது.
காபி வைத்தான். கறுப்பு ரொட்டியில்
யாரும் கேட்காமலே வெண்ணெய் தடவினான், ஆறு துண்டு.
கெர்லி ஒன்றையும் தொடவில்லை.
"பொம்மை என்று அதற்குத் தெரியும்" என்றாள்.
தெரியாதவர்கள்போல் நடந்துகொண்டது
நாங்கள்தான்.

தடுப்புக் கதவு போடலாம் என்றான் உர்மாஸ்.
வாய்க்கூடு மாட்டலாம்.
மாடியில் நாம், கீழே அது.
கையில் அளவுநாடாவோடு பேசினான்.
கெர்லி கேட்டது ஒன்றுதான்:
"மூன்று வாரம் தூங்காதபிறகு
அந்தக் கதவை யார் சாத்துவீர்கள்?"
அளவுநாடா சர்ரென்று
தன் கூட்டுக்குள் போய்விட்டது.

காப்பகங்களுக்குப் போன் செய்தேன்.
கடித்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.
ஆமாம் என்றதும் குரல் மென்மையாகிவிடும்.
இல்லை என்பதை
எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியும் என்று
மூன்று ஊர்களில் கேட்டுவிட்டேன்.
ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் பார்க்க வந்தார்.
நல்ல மனிதர்.
காரைவிட்டு இறங்கவேயில்லை.

"உன் நாய்" என்றான் உர்மாஸ் அன்று ராத்திரி.
குத்திக்காட்டவில்லை. அப்படியே ஒப்படைத்தான்.
வோரு பக்கத்துத் தொழுவம் ஒன்றில்
கழுத்துத் தோலுக்குள் புதைந்திருந்த சங்கிலியை
கத்தரித்து எடுத்தது நான்.
அந்த வளையத்தில் இன்னும் மயிர் முளைக்கவில்லை.
கடிபட்டவர்கள் கோபத்தில் முடிவெடுக்கலாம்,
வலியில் எடுக்கலாம்.
என்னிடம் அதற்கெதிராக ஒரு கீறலும் இல்லை,
அதனால் கையெழுத்து என்னுடையது.

டாக்டரின் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
ஒரு விரற்கடை அளவு கட்டம்.
குழந்தை என்று எழுதி
அடித்துவிட்டேன்.
பிறக்குமுன்பே ஒரு பழியை
அதன் தலையில் ஏற்றுவானேன்.
பயம் என்று எழுதினேன்.
யாருடைய பயம் என்று டாக்டர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
கட்டம் போதாது என்றிருப்பேன்.

புதன் இரவு அதற்கு
ஈரலை வேகவைத்துக் கொடுத்தேன்.
உள்ளே குழந்தைக்கு விக்கல்,
வயிறு துடித்துத் துடித்து அடங்கியது.
போண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு
அந்த இடத்தையே பார்த்தது.
காது முன்னால் வந்தது. வால் அசையவில்லை.
அன்பா, வேறெதுவுமா
என்று எனக்குத் தெரிந்திருந்தால்
இந்தக் கவிதையே வேண்டியிருக்காது.

வியாழக்கிழமை.
வாசலில் உர்மாஸ் காரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறான்.
முக்காலியில் உட்கார்ந்து
பூட்ஸை மாட்டினேன்.
போண்டு வந்து முதுகை நிறுத்தியது.
பிடிக்காமல் எழப் பார்த்தேன்.
முடியவில்லை.