மூன்றாம் சிலிண்டர்

ஐம்பது மைலுக்கு முக்கால் படி எண்ணெய்.
சுபுஹான் சாயபு நோட்டை விரித்துக் காட்டினார்.
பேரணாம்பட்டு தோல் ஷாப்பின் கணக்கு:
ஆட்டுத்தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை,
அதற்கடியில் கார்.
"வண்டி குடிக்குதா, இவன் விக்கிறானா,
ரெண்டுல ஒண்ணு நீ சொல்லணும்."

இவன் என்றது முனிரத்தினத்தை.
கொசப்பேட்டை வெயிலில் நின்று அவன்
மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே துடைத்ததை.
மூன்று மாதமாக அவன் சம்பளத்தில்
எண்ணெய்க் காசு பிடித்தம்.

ஒழுகும் வண்டிக்குத் தரைதான் சாட்சி.
ராத்திரி அடியில் பழைய காகிதம் பரப்பினேன்.
விடிந்தபோது ஐந்து சொட்டு.
ஐந்து சொட்டு ஒரு ஆளைத் திருடனாக்காது.
எண்ணெய் மூடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி
சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.
பாலாற்று மணலைக் கடந்து காட்பாடி,
திரும்பி, மறுபடி காட்பாடி.
குச்சியை இழுத்துப் பார்த்தால்
எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
பூட்டு பூட்டியபடியே.

அன்று சாயங்காலமே
சாயபுவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.
போகவில்லை.
காரணம் தெரியாமல் போய் நிற்பது
எனக்குக் கௌரவக் குறைச்சல்.
இன்னும் ஒன்பது நாள்
அவன் திருடனாகவே வண்டி ஓட்டினான்.

பத்தலப்பல்லி மலைப்பாதையில்
பின் சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்,
கால்களை மடக்கி, கோழிக்கூடை மாதிரி.
பெட்ரோலை மூடி, கியரில் பிடித்து,
வளைவு வளைவாக இறக்கினான்.
புகை இல்லை, புழுதி மட்டும்.
அடிவாரம் வந்ததும் "மிதி" என்றேன்.
மிதித்தான்.
ரோடு மறைந்தது.
எருமை ஓட்டிவந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தி
எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.
நீலம். சுத்தமான நீலம்.
நீலம் என்றால் எரிவது எண்ணெய்,
சந்தேகமே வேண்டாம்.

முனிரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை.
"இப்பவாவது தெரியுதா மேஸ்திரி" என்றான், ரோட்டிடம்.

ஷெட்டில் பிளக்குகளைக் கழற்றி
வரிசையாக வைத்தேன்.
மூன்று, வறுத்த கொத்தமல்லி நிறம்.
ஒன்று மட்டும்
குட்டையில் எழுந்த எருமைக்கன்று போல
கறுத்து, நனைந்து, பளபளத்தது.
மூன்றாம் சிலிண்டர்.
பிஸ்டனை உருவினேன்.

வழிப்பு ரிங்குக்கு ஒரு பக்கம் கூர்விளிம்பு.
அது கீழே பார்க்க வேண்டும்,
சுவரில் ஏறும் எண்ணெயை வழித்து இறக்க.
இது மேலே பார்த்தது.
கரண்டி கரண்டியாய் நெருப்புக்கு ஊட்டியிருக்கிறது,
நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை.

பிஸ்டனின் உள்பக்கம் மூன்று கீறல்.
உளி என்னுடையது.
போன ஆடி, மழை இருட்டு,
மறுநாள் ஆம்பூரில் சாயபு வீட்டு நிக்காஹ்,
விடிவதற்குள் வேண்டும் என்று அவசரம்.
லாந்தர் பிடித்து நின்றவன்
முனிரத்தினம்.

இப்போதும் பக்கத்தில்தான் நின்றான்.
ரிங்கை என் கையிலிருந்து வாங்கி
நகத்தால் விளிம்பைத் தடவினான்.
"இது எந்தப் பக்கம் பார்க்கணும்?"
"கீழே."
"ஓ" என்றான்.
மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் ஒற்றித்
திருப்பிக் கொடுத்தான்.

பில் எழுதினேன்: காஸ்கெட் ஒன்று. கூலி இல்லை.
"கூலி ஏன் இல்லே?" என்றார் சாயபு.
தொண்டையில் எச்சில் இறங்கவில்லை.
சொன்னேன்.
அவர் கத்தவில்லை. நோட்டைத் திருப்பி
ஒரு வரியை அடித்தார்,
வேறு பக்கத்தில் என் பேருக்கு நேரே
ஒன்பது ரூபாய் எட்டணா பற்று எழுதினார்.
கல்லாவிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினார்.
முனிரத்தினம் இரண்டு தடவை எண்ணினான்,
அவர் முன்னாலேயே.

வண்டி இப்போது ரிப்பேருக்குக் குடியாத்தம் போகிறது.
லாங்கு பஜாரில் எதிர்ப்பட்டால்
ஹாரன் அடிப்பான், ஒதுங்கு என்பதற்கு மட்டும்.
நான் ஒதுங்கி நின்று
பின்னால் புகை வருகிறதா என்று பார்ப்பேன்.
வருவதில்லை.