முன் இடது கால்

முதலில் தொடமாட்டேன்.
நடக்கவிடுங்கள், போதும், என்றேன்.
சட்டையெல்லாம் செம்மறிப் பாலின் புளிப்பு வாடையோடு
பெல்மீரோ கயிற்றைத் தளர்த்திக்கொண்டு
வாசலின் ஈரக் கருங்கல்லில்
போய்த் திரும்பி வந்தார்.
நாற்பது கிலோ. ஒன்பது மாதம்.
எஸ்ட்ரேலா மலையில் ஓநாய்க்குக் காவல் நிற்கும் சாதி;
தன் பாதங்களின் அளவுக்கு
இன்னும் வளர்ந்து சேராத பயல்.

காலைப் பார்க்காதே, தலையைப் பார் என்பது
என் தொழிலில் அரிச்சுவடி.
நோகும் கால் தரையைத் தொட்டால் தலை எழும்,
நல்ல கால் ஊன்றினால் தாழும்.
கேட்காத கேள்விக்கெல்லாம்
ஆமாம் ஆமாம் என்றபடி வந்தான் பார்டோ.
முன் இடது.

“உதைத்துவிட்டான், டாக்டர்.”
யார் என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்: ஓஸ்தாப்,
பால் கறக்க வைத்திருந்த உக்ரைன்காரன்.
நேற்றுக் காலை நாய் நொண்டியது.
மதியம் கணக்குத் தீர்த்து
பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன்.
இல்லை என்றுகூடச் சொல்லவில்லை அவன்,
தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழிருந்து மேலே போவது என் வழக்கம்.
நகம் உடையவில்லை. விரலிடுக்கில் முள் இல்லை.
மணிக்கட்டு மடங்குகிறது, முனகல் இல்லை.
முழங்கை.
இங்கே வரும்போது மட்டும் எனக்கு மூச்சு நிற்கும்.
இத்தனை வேகமாய் வளரும் குட்டிகளுக்கு
உள்ளே ஒரு சில்லு பெயர்ந்து கிடக்கலாம்,
அப்புறம் அறுவை, ஆயுசுக்கும் மூட்டுவலி.
நீட்டினேன். மடக்கினேன். மெல்லத் திருகினேன்.
பார்டோ என் காதை நக்கினான்.
தோளும் சும்மா இருந்தது.

மூட்டுகள் எல்லாம் கைவிரித்துவிட்டன.
தசையை விலக்கி
மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே
வெறும் எலும்பைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து.
அவன் போட்ட கத்தலில்
அடுத்த அறைப் பூனை
கூடையோடு கவிழ்ந்தது.

படத்தில் முறிவு இல்லை, விரிசல் இல்லை.
மஜ்ஜை ஓடும் கறுப்புப் பாதையில்
சாம்பலாய் ஒரு மேகம்.

இது உதை இல்லை, பெல்மீரோ.
வளர்கிற எலும்பு உள்ளுக்குள் நோகிறது.
ஏன் என்று எங்களுக்கே சரியாய்த் தெரியாது.
தானாக வரும். தானாகப் போகும்.
போவதற்குள் காலுக்குக் கால் தாவும்.
முன்னால் எப்போதாவது நொண்டினானா?

தொப்பியைக் கழற்றினார்.
செர்ரி பூத்த வாரம், பின் வலது,
இரண்டே நாள், மழை என்று விட்டுவிட்டோம்.
பிறகு, எண்ணிப் பார்ப்பவர்போல்:
ஓஸ்தாப் வந்தது மே மாதம்.

வலிக்கு மாத்திரை எழுதினேன்.
கயிற்றோடு மட்டும் நடை. கூடுதல் தீனி வேண்டாம்.
எலும்பு பலக்கும் என்று
கடைக்காரன் தரும் கால்சியம் தூள் வேண்டவே வேண்டாம்.
தலையாட்டினார். போகவில்லை.
“யாரும் உதைக்கவில்லை என்று
முத்திரை வைத்துத் தர முடியுமா?”

என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
‘குறிப்பு’ என்ற இடத்தில் எழுதினேன்:
அடிபட்ட அடையாளம் ஏதும் இல்லை.
மருந்துச்சீட்டைப் பையில் திணித்தவர்
இதை மட்டும் நான்காய் மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி.
இப்போது முன் வலது, நீங்கள் சொன்ன மாதிரியே.
அதே மாத்திரைதான், என்றேன்.
அவர் வைக்கவில்லை.
ஓஸ்தாபின் எண்ணைக் கூப்பிட்டால்
பதிவு செய்த பெண் குரல் ஒன்று
பிரெஞ்சில் ஏதோ சொல்கிறதாம்.
பெல்ஜியம் பக்கம் போயிருக்கலாம் என்கிறார்களாம்.
அந்தச் சீட்டைச் சட்டையோடு
துவைத்துப் போட்டுவிட்டார்களாம்,
முத்திரை மட்டும் தெரிகிறதாம்.

சாப்பிடுகிறானா, என்று கேட்டேன்.
ஓநாய் மாதிரி, என்றார்.