ஜன்னல் ஏசிக்கும் கிதாருக்கும்

ரேகை எடுக்கும் இயந்திரம்
என் இடது கையை நம்பவில்லை.
துடைக்கச் சொன்னாள் கவுன்டர் பெண், துடைத்தேன்.
ஈரப்படுத்தச் சொன்னாள், ஈரப்படுத்தினேன்.
இருபத்திரண்டு வருடம் கம்பி தேய்த்த நுனிகள்
நான்கு விரலிலும் ஆள் இல்லை.
வலது கையை வைத்தேன்
கண்ணாடியில் டக்கென்று நகம் முட்டியது.
என்ன வேலை, என்றாள் முதல்முறையாக நிமிர்ந்து.

பழைய விசாவில் நான் ஸ்டோர் கீப்பர்.
எந்த ஸ்டோர் என்று எனக்கும் தெரியாது.
இம்முறை சொந்தப் பணம், சொந்த உரிமம்:
"இசைப் பயிற்சி மற்றும் இதர சேவைகள்."
அந்த இதரவில்தான் என் சாப்பாடு.

ஷார்ஜா, அபு ஷகாரா, ஐந்தாம் மாடி.
வாடகைக்கு நான்கு காசோலை,
நான்காவது எப்போதும் தேதிக்கு முன்பே கனவில் வரும்.
சனிக்கிழமை நஹ்தாவில் இரட்டைச் சிறுமிகள்
ஒருத்திக்குக் கை இருக்கிறது
மற்றவளுக்குக் காது.
இரண்டையும் ஒரே உடம்பில் வைக்காத கடவுளுக்கு
மாதம் அறுநூறு திர்ஹம் நன்றி.
திங்கள் இரவு பல் மருத்துவர் ருக்சானா
மூன்று வருடமாக அதே முதல் பாடம்.
கார் டிக்கியில் என் மோதிரவிரல் நகம் பிளந்த அன்று
நாற்காலியில் என்னைச் சாய்த்து
பல் அடைக்கும் பிசினால் ஒட்டி
நீல விளக்கில் உலர்த்தித் தந்தார்.
கட்டணத்தில் கழித்துக்கொண்டோம்.

வியாழன், வெள்ளி ஹோட்டல் லாபி.
பேரீச்சம்பழத் தட்டுக்கும் நீரூற்றுக்கும் நடுவே
மூன்று மணி நேரம்.
மேலாளர் தூரத்திலிருந்து
உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டுவார்:
இன்னும் மெதுவாக.
அதற்கும் கீழே ஒரு சத்தம் உண்டு, அது என்னுடையது,
அதை அவர் வாங்கவில்லை.

ரமலானில் லாபியில் வாசிப்பு இல்லை.
என் வருமானமும் நோன்பிருக்கும்.
அந்த மாதம்தான் எழுதுவேன்.

அறை ஏசிக்கு ஒரு சுருதி உண்டு.
ஆறாம் கம்பியை இறக்கி, இறக்கி,
டி-யையும் தாண்டி ஒரு மயிரிழை கீழே போனால்
இரண்டும் ஒன்றையொன்று உரசுவதை நிறுத்தும்.
தம்புரா வாங்கக் காசில்லாதவளுக்கு
கட்டட உரிமையாளர் ஜன்னலில் மாட்டித் தந்த தம்புரா.
பதினொன்றாம் நிமிடம் கம்ப்ரசர் தட்டென்று நிற்கும்.
எனவே படைப்பும் பதினொரு நிமிடம்.
மார்க்ஸியமா, ஆன்மிகமா என்று யாராவது கேட்டால்
தெர்மோஸ்டாட் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

ஆகஸ்டில் அல் கூஸில் ஒரு கிடங்கு கிடைத்தது.
டயர் வாசனை, கடன் வாங்கிய நாற்காலி முப்பது,
வந்தவர்கள் பத்தொன்பது.
காலையிலேயே போய் அந்தச் சுவர் ஏசிக்கு
காது வைத்துப் பார்த்துவிட்டேன்
கொஞ்சம் மூக்கடைப்பு, ஆனால் நம்ம ஆள்தான்.
அதற்கேற்பக் கம்பியை இறக்கி, உட்கார்ந்து,
மூச்சை இழுத்தேன்.

காவலாளி குல் ஜமான்
இதுவரை எந்தக் கச்சேரிக்கும் போனதில்லை.
ஆனால் மரியாதை தெரிந்தவர்.
முதல் சுரம் விழுந்ததும் நுனிக்காலில் நடந்துபோய்
ஏசியை அணைத்தார்.
நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலையசைத்தார்.

தனியாக நின்றது என் சுரம்,
லிஃப்டுக்குள் தாயின் கை விட்ட குழந்தை மாதிரி.
நிறுத்தவில்லை.
ஏசிக்கென்று விட்ட இடங்களில்
எவரோ விழுங்கும் எச்சில்,
நாற்காலி ஒன்றின் முனகல்,
வெளியே லாரி பின்னே வரும் பீப்பீப்பீ.
ஐந்தாம் நிமிடம் முழங்கையிலிருந்து
மரத்தில் சொட்டியது வியர்வை.
சூட்டில் கம்பி தளர, நானும் கூடவே தளர்ந்து இறங்கினேன்.
இருவர் எழுந்துபோனார்கள், அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.
ருக்சானா போகவில்லை.
அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று.
முதல் பாடம்.

கைதட்டல் நடுவே
குல் ஜமான் ஸ்விட்சைப் போட்டார்.
அது தன் பங்கைத் தொடங்கியது
நான் விழுந்து கிடந்த இடத்துக்குக் கால் சுரம் மேலே.

கிடங்கு வாடகை போக நூற்றுப்பத்து திர்ஹம்.
வீட்டுக்கு வந்து
இசைத்தாளின் முதல் வரிக்கு மேலே
பென்சிலால் எழுதினேன்:
ஏசி, விருப்பமிருந்தால்.