எண்பது

தோத்தாபுரிக் காலம். இரவு பதினொன்று இருபது.
காவேரிப்பட்டணம் சாலையில் லாரிகள்
விளக்கை அணைத்துவிட்டு நிற்கின்றன.
எடைமேடையில் ஏறிய ஒன்று
எடை விழாமல் அரைமணியாய் அங்கேயே.
திம்மராஜ் போனில் சொன்னான்:
"சார், ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது.
டிரைவருங்க என்னைச் சுத்துறாங்க."

பாய்லருக்குப் பின்னால் என் அறை.
ஏசி ஓடினாலும் மாங்கூழ் வாசனை உள்ளே வந்துவிடும்,
கீபோர்டில் பிசுபிசுப்பு.
ஒரே ஒரு சர்வர். அதற்குள் ஆறு வி.எம்.
"ஆறு வேலைக்கு ஆறு பெட்டி எதுக்கு?" என்று
வாங்கும்போது முதலாளி கேட்டார்.
நானும் தலையாட்டினேன்.

ஆறில் எதற்கும் மற்ற ஐந்தைத் தெரியாது.
ஒவ்வொன்றும் தனக்கே தனக்கென்று
ஒரு டிஸ்க் சுழல்வதாக நம்புகிறது.
அந்த நம்பிக்கையை ஏற்பாடு செய்தவன் நான்.
கீழே இருப்பதோ இரண்டு பழைய டிஸ்க்,
ஒன்றின் நகல் மற்றொன்று.
ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான்
போய் நிற்க முடிகிற ஊசி.

பார்த்தேன். பிராசசர் சும்மா கிடந்தது.
மெமரி பாதி காலி.
எல்லாரும் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.
வரிசையின் முன்னால் நின்று
இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தது
நான்காம் எண்: சம்பளக் கணக்கு.

கே.ஆர்.பி. அணை ஞாபகம் வந்தது.
ஷட்டர், வாய்க்கால், கடைமடை.
வேண்டாம். தண்ணீர் தீர்ந்தால்
கண்ணுக்காவது தெரியும்.

மேனேஜர் வரதப்பன் லைனில் வந்தார்.
"சம்பளம் நாளைக்குப் பாக்கலாம்.
பழம் நாளைக்கு நிக்காது."
அதில் தப்பே இல்லை. பழுத்தது பழுத்ததுதான்.
நான்காம் எண்ணுக்கு ஒரு வரி எழுதினேன்:
வினாடிக்கு எண்பது கோரிக்கை, அதற்கு மேல் நில்.
தான் கட்டப்பட்டது அதற்குத் தெரியாது.
உலகம் திடீரென்று மெதுவானதாக
மட்டும் தோன்றியிருக்கும்.

மூன்று நிமிடத்தில் போன்.
"விழுந்துடுச்சு சார். பதினாலு டன் அறுநூறு."
இன்ஜின்கள் ஒவ்வொன்றாய் உறுமுவது
சுவர் வழியாக வந்தது.
டீ குடித்தேன்.

பன்னிரண்டரைக்கு முபீனா கதவைத் தட்டினாள்.
"முப்பத்தொரு சதவீதத்துல நிக்குது.
நிக்கலை, நகருது. நகர்றதுதான் கொடுமை."
பழம் அறுக்கும் பெண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
கூடைக் கணக்கில் கூலி.
ஆறு மணிக்குள் பேங்குக்கு ஃபைல் போகாவிட்டால்
வெள்ளி கைநழுவும்.
ரெண்டாம் சனி, ஞாயிறு, திங்கள் பக்ரீத்.
பண்டிகையை அவள் தனக்காகச் சொல்லவில்லை.
யார் குறைத்தது என்றும் கேட்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு
செருப்பைக் கழற்றி உட்கார்ந்தாள்.

எண்பதை எங்கிருந்து எடுத்தேன்?
எந்தக் கையேட்டிலும் இல்லை.
நூறு என்றால் தாராளம் போலவும்
ஐம்பது என்றால் வன்மம் போலவும் பட்டிருக்கிறது.

ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏற ஆறு நிமிடம்.
எடையை எழுத ஒரு நொடி.
மிச்ச நேரமெல்லாம் ஊசி யாருக்காக நிற்கிறது?

வரம்பை அழித்தேன்.
எண்ணுக்குப் பதில் எடை போட்டேன்:
மேடைக்கு ஒன்பது பங்கு, சம்பளத்துக்கு ஒன்று.
மேடை வாய் திறக்காத நேரம்
பத்தும் உனக்கே, எடுத்துக்கொள்.
இரவெல்லாம் எடை, எடை என்று கேட்ட காதுக்கு
இந்தச் சொல் இவ்வளவு தாமதமாகவா வரவேண்டும்?

நாற்பது. ஐம்பத்தைந்து.
முபீனா தூங்கிவிட்டாள், கன்னத்தில் பேனா.
எண்பதைத் தாண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன்.
ஐந்து பத்துக்கு எழுப்பினேன்.

பர்கூரிலிருந்து முதல் வேன் வந்து நின்றது.
கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு
இறங்கினார்கள், யாரோ யாரையோ திட்டியபடி.

எட்டு மணிக்கு வரதப்பன் ரிப்போர்ட் கேட்டார்.
வரைபடம் வரைவது ஆறாம் எண்ணின் வேலை.
ஆறாம் எண்ணுக்குப் பங்கு போட
மறந்தே போயிருக்கிறேன்.
பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஐந்து பத்து வரை
ஒரு புள்ளியும் இல்லாத வெள்ளை.
அதையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
"நைட்டு அமைதிதான் போல," என்றார்.