பிற

டேப்லெட்டோடு வந்த பெண்ணுக்கு
மூன்றாவது மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.
தண்ணீர் கொடுத்தேன்.
படுத்திருப்பவர் பெயர்?
எபினேசர்.
வயது எழுபத்தாறு. வலது கை, வலது கால், பேச்சு
மூன்றும் போய் நாலு வருஷம்.
பராமரிப்பவர்?
மனைவி, மகள், மருமகள், பிற.
அவள் விரல் கடைசிக் கட்டத்தின் மேல்
அனுமதி கேட்பதுபோல் நின்றது.

நான் பிற.
காலை ஏழு முதல் இரவு ஏழு வரை.
மகள் ஜெனிட்டா ஒரகடத்தில்
கார் சீட்டுக்கு உறை தைக்கிறாள்.
கம்பெனி பஸ் ஐந்தரைக்கு.
ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்
அவரைப் பார்த்துக்கொள்வது ஃபேன்.
அவள் சம்பளம் பத்தொன்பதாயிரம்,
அதில் பதினோராயிரம் ஏஜென்சிக்கு,
அதில் ஏழாயிரத்து ஐந்நூறு எனக்கு.
நடுவில் நிற்கிற மூவாயிரத்து ஐந்நூறு
யாரைக் குளிப்பாட்டுகிறது என்று
கேட்டதில்லை.

மாத்திரை வீடு தேடி வருகிறது,
பொய் சொல்லக் கூடாது.
அதைப் பொடித்துக் கஞ்சியில் கரைத்து
புரையேறாமல் தொண்டை தாண்டவைக்கும் அரைமணி நேரம்
எந்த வண்டியிலும் வரவில்லை.

துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர்.
சரக்கை இறக்க அங்கே ஒரு சொல்: ஆரியா.
ஏற்ற ஒரு சொல்: அபீஸ்.
பக்கவாதம் மற்றதையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது
ஒன்றைக் கைமறதியாய் விட்டுப்போனது.
பசித்தால் ஆரியா.
துணி நனைந்தால் ஆரியா.
ராத்திரி மகள் கதவைத் திறந்தால்
கொஞ்சம் இழுத்து, ஆரியா.

நவம்பரில் உயிரோடிருக்கிறார் என்று காட்ட வேண்டும்.
காட்டாவிட்டால்
இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் பென்ஷன் நிற்கும்.
வீட்டுக்கே மிஷினோடு ஒரு பையன் வந்தான்.
முப்பது வருஷம் கம்பிக்கயிறு தின்ற கட்டைவிரலில்
ரேகை இல்லை என்றது மிஷின்.
கண்ணைக் கேட்டது. கண்ணில் புரை.
ஆபீசுக்கே இட்டாந்துருங்கக்கா, என்றான்,
தரையைப் பார்த்துக்கொண்டு.

பிளாஸ்டிக் நாற்காலி, லுங்கியால் ஒரு கட்டு,
நாலு பையன்கள்.
படி திரும்புகிற இடத்தில்
அவர் இடது கையைத் தூக்கினார்.
ஆரியா. ஆரியா. மெல்ல, மெல்ல.
நாலு வருஷத்தில் அன்றுதான் அந்தச் சொல்
அதற்குரிய இடத்தில் விழுந்தது.
இன்னா தாத்தா, கப்பலா எறக்குற?
சிரித்தார்கள். அவரும், பாதி முகத்தால்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஐம்பத்தெட்டு வேகன் எண்ணினேன்.
நாற்பதிலேயே துணி நனைந்துவிட்டது.
ஆட்டோக்காரர் கண்ணாடியை
வேறு பக்கம் திருப்பிவைத்தார்.

அதிகாரி வெளியே வந்து குனிந்து பார்த்தார்.
உயிரோடு இருக்கிறார்.
ஓராண்டுக்கு.

திரும்பும்போது மணி இரண்டு.
இறக்கிய பையன்களில் இரண்டு பேர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்விட்டார்கள்,
ஒருவன் பார்சல் வண்டியில்,
ஒருவன் போனை எடுக்கவில்லை.
படிக்கட்டின் கீழே
நாற்காலி, அவர், நான்.
எனக்கு அறுபத்தொன்று. இடுப்பில் பெல்ட்.
இந்தத் தோள் இன்னும் எத்தனை வருஷம் என்று
அந்த டேப்லெட் கேட்கவில்லை;
என்னை யார் தூக்குவார்கள் என்று
கேட்கக் கட்டமும் இல்லை.

அவர் மேலே பார்த்து, ஆரியா, என்றார்.
அய்யே, கீழதான் இருக்கோம்.
அபீஸ் சொல்லுங்க. அ... பீஸ்.
என் வாயையே பார்த்தார்.
அ வந்தது.
உதடு ஒட்டி, பிரிய மறந்து, எச்சில் வழிந்தது.
துடைத்துவிட்டு முதல் படியில் குந்தினேன்.

நாலரைக்கு ஸ்கூல் விடும்.
பிளஸ் டூ பசங்க ரெண்டு பேர்
இந்த பிளாக்கில்தான்.