இடது இமை

நோவி சாத் நகரில், தன்யூபுக்கு முதுகு காட்டி நிற்கும்
கட்டடத்தின் நாலாவது மாடியில்
இரண்டு வருடம் யாசென்காவின் முகத்தோடு குடியிருந்தேன்.
அவளோடு அல்ல.
அவள் பதினோரு நாள் வந்தாள்,
விளக்குக் கூண்டுக்குள் உட்கார்ந்தாள்.
கோபம் என்றோம், கோபப்பட்டாள்.
எலுமிச்சை என்றோம், உதட்டைச் சுளித்தாள்.
கையெழுத்திட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனாள்.
முகம் கொடுத்தாள் என்பது இங்கே
வெறும் பேச்சு வழக்கல்ல,
ரசீது இருக்கிறது.

முதல் வருடம் பிணம்தான் வந்தது.
தோலில் ஒவ்வொரு துளையும் சரி,
மேலுதட்டுப் பூனைமயிர் சரி,
வெளிச்சம் காதுமடலுக்குள் புகுந்து
சிவந்து வெளியேறுவதும் சரி.
ஆனாலும் காபி கொண்டுவந்த ரத்கா
திரையைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.
பொம்மையாக இருந்தவரை யாரும் பயப்படவில்லை.
மனுஷிக்குப் பக்கத்தில் வர வரத்தான்
மயிர்க்கூச்செறிந்தது.

கீழிமை விளிம்பில் நூலளவு ஈரம்,
அதற்கே ஏழு வாரம்.
வாய்க்குள் எவ்வளவு இருட்டு என்ற சண்டையில்
திஹோமிரும் நானும் மார்ச் முழுக்கப் பேசவில்லை.

பிறகு ஒரு விடியற்காலை
பழைய பதிவுகளை மெதுவாக ஓட்டும்போது கண்டேன்:
இடது இமை, வலதுக்குப் பின்னால் மூடுகிறது.
ஒரு ஃப்ரேம். சில சமயம் இரண்டு.
கேமராவின் பிழை என்று
முதல் மாதமே நாங்கள் நேராக்கியது.
நேராக்கியதைத் திரும்பக் கோணலாக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
வேறெப்படிச் சொல்வது.
நாற்காலி பின்னால் உருள எழுந்து நின்றேன்,
வேலை நேரத்தில் பிடிபட்டவனைப் போல.

படம் வெளிவந்தது. திஹோமிர் என்னைக் கட்டிக்கொண்டான்.
அந்த இமைக்காகவே ஒரு போத்தல் பிளம் சாராயம்.

போன நவம்பரில், கோஷவா காற்றுக்கு ஒதுங்கி
மருந்துக்கடைக்குள் நுழைந்தேன்.
வரிசையில் எனக்கு முன்னால் அவள்.
முகத்தின் இடது பாதி
ஈரத் துணிபோல் இறங்கியிருந்தது.
கண் மூடுவதில்லையாம்,
இரவில் டேப் ஒட்டிப் படுக்கிறாளாம்.
நரம்பில் ஒரு கட்டி, என்றாள்,
சளி பிடித்திருக்கிறது என்பதுபோல.
எப்போது தொடங்கியதென்று டாக்டர் கேட்கிறார்,
எனக்கு எப்படித் தெரியும்?
கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமாம்.

எனக்குத் தெரியும்.
தேதி தெரியும், மணி தெரியும்,
ஃப்ரேம் எண் தெரியும்.
கையிலிருந்த இருமல் மருந்தின் விலையை
இரண்டாம் தடவை படித்தேன்.

அவள் எப்படி இருக்கிறாள், என்று கேட்டாள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
நன்றாக இருக்கிறாள்.

சிரித்தாள், பாதியால்.
மறுபாதி அதைக் கேள்விப்படவேயில்லை.
எங்கள் அறுநூற்றுப் பதினாலு பாவனைகளில்
அப்படி ஒன்று இல்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று
அந்தச் சிரிப்பை என் முகத்தில் போட்டுப் பார்த்தேன்.
வரவில்லை.
இன்னொரு தடவை.
முதல் வருடத்துப் பிணம்தான் வந்தது.